யாருக்கு இந்த மினுக்கு?

போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்பில் என் எதிரே இரண்டு பேர், ஒரே எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள் போல. ஏலக்காய் எடுக்கும் அந்த அம்மா, பக்கத்து இளைஞனின் முகத்தையே முறைத்துக்கொண்டு வந்தார்.

“பொண்டாட்டி மாசமா இருக்கையில யாராச்சும் தாடிய எடுப்பாகளா அப்பு?”

“சுடுதண்ணியில மொகத்த ஊற வச்சு, முடி சாயுற பக்கமே இழுத்தேங்க்கா. எரியவே இல்ல.”

“எரிஞ்சுச்சானு நான் கேக்கல. அவ பிரசவத்துக்குத் தேவாரம் ஊருல ஆத்தா வீட்டுல கெடக்கா. நீ யாருக்குக் காட்ட இந்த மினுக்கு?”

“புது பிளேடுக்கா. தொட்டா வழுக்கும்.”

“அதான் கேக்குறேன். யாரு தொடப் போறா?”

அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

“எம் மகதான். விடியக்காலம் பொறந்துருக்கா. முத்தம் குடுத்தா குத்தக் கூடாதுல்ல.”