சிரிக்காத மனிசன்

சுவிஸில், துன் நகரிலிருந்து பேர்ன் போகும் ரயிலில், முதியோர் இல்ல வேலை முடிந்து வந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் கைப்பேசியை மூடினேன்.

"செத்தாப்பிறகுதான் அக்கா அந்த இங்கிலீஸ்காரர் சிரிச்சவர்."

"என்னடி கதைக்கிறாய்?"

"அவர் எந்த நாளும் ஒரே சீடியைத்தான் போடுவார். லண்டன் ரேடியோவின்ரை அந்தக் காலத்துப் பகிடி நாடகம். சனத்தை முன்னாலை இருத்திப் பதிஞ்சது. அந்தச் சனத்துக்கு நடுவிலை ஒரு பொம்பிளை தனியச் சிரிப்பா. அது தன்ரை மனிசியாம்."

"அவ இப்ப?"

"எப்பவோ செத்திட்டா. நாடகம் பதிஞ்ச அண்டைக்கு இவரும் பக்கத்திலைதான் இருந்தவராம். வழியிலை சண்டை பிடிச்ச கோவத்திலை தான் சிரிக்கேல்லையாம். சொல்லிச் சொல்லி அழுவார்."

"பாவம்."

"நேற்று அவரைக் கொண்டுபோன பிறகு அறை துடைக்கப் போனன். சீடி ஓடிக்கொண்டிருந்தது. செத்தவீட்டிலை ரேடியோ போடக்கூடாதெல்லோ, நிப்பாட்டப் போனன். அப்பதான் அந்த இடம் வந்தது. அவ சிரிச்சா. பக்கத்திலை ஒரு ஆம்பிளையும் சிரிச்சார்."

"ஆரும் சனமாயிருக்கும்."

"எத்தினை தரம் கேட்டனான் அக்கா. முந்தி அதிலை அந்தச் சிரிப்பு இல்லை. அவரின்ரை குரல் எனக்குத் தெரியாதோ?"



"நிப்பாட்டினியோ?"

"மனம் வரேல்லை. சிரிச்சு முடிக்கட்டும் எண்டு கதவைச் சாத்திப்போட்டு வந்திட்டன்."

"பிறகு?"

"இண்டைக்கும் கதவடியிலை நிண்டு கேட்டனான். இன்னும் முடிக்கேல்லை."