ஒரு வாரத்துக்கான காலை வணக்கம்

— அதனாலதான் சொல்றேன், ஒழுங்குபடுத்தாத நேரம் நம்மகிட்ட இல்லாத நேரம். ஆன்லைன்ல வகுப்பு எடுக்க ஆரம்பிச்ச புதுசுல எனக்கு அது தெரியல. இப்ப தெரியுது. கேக்குறீங்களா?

— கேக்குறேன் வாத்தியாரம்மா. கிரேன் மேல உக்காந்திருக்கேன். வேற எங்க ஓடிப்போகப் போறேன்?

— சாப்பாட்டு இடைவேளையிலும் கீழே இறங்கறதில்லையா?

— இறங்கி ஏறவே பாதி இடைவேளை போயிடும். டப்பாவை மேலேயே கொண்டுவந்துட்டேன். நீ மட்டும்தான் நேரத்தை மிச்சம் பிடிப்பியா?

— பேச்சுல உங்களை ஜெயிக்க முடியாது. இருங்க, ஜன்னல் ஓரமா தண்ணி உள்ள வருது, பழைய துணியை விரிச்சுட்டு வரேன். நேத்து ராத்திரி பிடிச்ச மழை ஒரு நிமிஷம்கூட விடல... ம், வந்துட்டேன். நாம பேசிக்கிற நேரம் சாயங்காலம். நீங்க மதியமே கூப்பிட்டிருக்கீங்க. இப்ப நான் விடைத்தாள் திருத்தற நேரம்.

— புருஷன் கூப்பிட்டா எடுக்கலாமா கூடாதான்னு உன் அட்டவணையில போட்டிருக்கா?

— எடுத்துட்டேனே. கோவிச்சுக்காதீங்க. அட்டவணையோட நோக்கம் மனுஷங்களைத் தள்ளி வைக்கிறது இல்ல. முதலாவதாக...

— ஆங், முதலாவதாக வந்துருச்சு. பின்னாலேயே இரண்டாவதாகவும் வரும்.

— சிரிங்க, சிரிங்க. கல்யாணத்துக்கு அப்புறம் தபால் வழியில படிச்சவ நான். அடுப்பு மேடையில புத்தகத்தைச் சாத்தி வச்சுக்கிட்டு உங்க டப்பாவைக் கட்டினவ. பாடப்புத்தகம் பேசற மாதிரிதான் எனக்குப் பேச வரும். படிக்க வச்சது நீங்கதானே?

— நான்தான். அதைச் சொல்லித்தான் இங்க பீத்திக்கிறேன். "என் சம்சாரம் புள்ளியியல் நடத்துது, அஞ்சாறு நாட்டுல இருந்து சேர்ந்து படிக்கிறாங்க"ன்னு. இங்க எவனுக்கும் புள்ளியியல்னா என்னன்னு தெரியாது. எனக்கும்தான். உன்கிட்ட படிக்கிற அந்த பேங்க்காரர் இப்பவும் தூக்கத்துல எழுப்பி சராசரியைப் பத்திக் கேக்குறாரா?

— கேக்குறார். ஆனா நான் உடனே பாக்குறதில்ல. மாணவர்களுக்குப் பதில் எழுத காலையில ஒரு நேரம், மதியத்துக்கு மேல ஒரு நேரம். மத்தபடி செய்திப் பெட்டியை மூடியே வச்சிருக்கேன். முன்னெல்லாம் ஈரத்தலையோட ஓடிவந்து பதில் எழுதுவேனே, ஞாபகம் இருக்கா?

— இருக்கு. கீபோர்டு மேல தண்ணி சொட்டும். நான்தான் துடைப்பேன்.

— துடைச்சுட்டுத் திட்டுவீங்க. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டா பத்துத் தடவை எழுதிக்கிட்டிருந்தேன். இப்ப அதை ஒரே ஒரு தடவை பேசிப் பதிவு பண்ணிட்டேன். யார் கேட்டாலும் அதையே அனுப்புறேன். குரல்ல அலுப்பும் தெரியாது.

— அலுப்பு தெரியாதுதான்.

— என்ன ஒரு மாதிரி சொல்றீங்க?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— பாடமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திட்டு உக்காந்தேன்னா, வாரம் முழுசுக்கும் வேண்டிய பாடம், அறிவிப்பு எல்லாத்தையும் ஒரே அமர்வுல பேசி முடிச்சுடுவேன். எது என்னைக்குப் போகணும்னு குறிச்சு விட்டா, அதது அன்னன்னைக்குத் தானா போய்ச் சேரும். சரி, என் புராணம் இருக்கட்டும். உங்க மேனேஜருக்குப் பதில் சொல்ல இன்னைக்குத்தானே கடைசி?

— இன்னைக்குத்தான்.

— ஒப்பந்தத்தை நீட்டிக்கிறீங்களா, ஊருக்கு வர்றீங்களா?

— அதைப் பத்திப் பேசத்தான் கூப்பிட்டேன். நீ என்ன நினைக்கிற?

— நான் நினைக்கிறதை முன்னாடியே சொல்லிட்டேன். முடிவு உங்களுடையது. அவ்வளவு உயரத்துல உக்காந்து கப்பலைக் காலி பண்ணணும்னு எத்தனை வருஷமா ஆசைப்பட்டீங்க. என் படிப்புக்கு நீங்க குறுக்கே நிக்கல. உங்க வேலைக்கு நானும் குறுக்கே நிக்கக் கூடாது.

— சரி. தினமும் காலையில போன்ல பேசி அனுப்புவியே, இன்னைக்கு வந்ததைக் கேட்டேன்.

— ம்.

— நல்ல வெயிலு, போர்வையெல்லாம் மாடியில காயப் போட்டுட்டு வந்து பேசறேன்னு சொன்னே.

— ஆமா.

— கொட்டுற மழையில போர்வையைக் காயப் போட்ட முதல் ஆளு நீதாம்மா.

— நடுவுல கொஞ்ச நேரம் வெயில் அடிச்சது.

— ஒரு நிமிஷம்கூட விடலன்னு இப்பத்தானே சொன்னே? போகட்டும். பக்கத்து வீட்டுல தச்சுவேலை இன்னும் முடியலையா?

— அது போன ஞாயித்துக்கிழமையே முடிஞ்சு போச்சே. ஏன்?

— திங்கக்கிழமை நீ பேசறப்ப பின்னால சுத்தியல் சத்தம். செவ்வாய்க்கிழமையும் சுத்தியல். இன்னைக்குக் காலையிலயும் சுத்தியல். அந்தத் தச்சர் ஒரே ஆணியை வாரம் பூரா அடிக்கிறார் போலிருக்கு.

— இவ்வளவு உன்னிப்பா கேப்பீங்கன்னு நான் நினைக்கல.

— இங்க கேக்குறதுக்கு வேற என்னம்மா இருக்கு? மேல ஏறினதும் முதல்ல உன் பேச்சைப் போடுவேன். அப்புறம்தான் எஞ்சினைப் போடுவேன். இன்னைக்கு எப்படி முடிச்சே, தெரியுமா?

— உடம்பைப் பார்த்துக்குங்கன்னு.

— அதுக்கு அப்புறம். "சந்தேகம் இருந்தா கீழே எழுதுங்க, அடுத்த பகுதியில சந்திப்போம்."

— ஐயோ.

— நீ விளையாடறேன்னு நினைச்சு சத்தமா சிரிச்சுட்டேன். சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள என்னமோ உறைச்சுது. திங்கக்கிழமையில இருந்து வந்ததை எல்லாம் மறுபடி போட்டுக் கேட்டேன். அப்பத்தான் தச்சரு சிக்கினாரு.

— அழிச்சுட்டு மறுபடி பேசியிருக்கணும். அன்னைக்குத் தொடர்ந்து பேசிக்கிட்டே இருந்தேனா, அது பாட்டுக்கு வாயில வந்துடுச்சு.

— ஆக, பாடத்தோட பாடமா எனக்கும் ஒரு வாரத்துக்குப் பேசி வச்சுட்டே. நானும் அந்த பேங்க்காரரும் ஒண்ணு. அவருக்காவது அவரு கேட்ட கேள்விக்குப் பதில் போகுது. காலையில எனக்குன்னு ரெண்டு நிமிஷம் ஒதுக்க முடியலையா உன்னால?

— நேரம் இல்லாம இல்லீங்க.

— பின்ன?

— நேரம் நிறைய இருக்கு. அதுதான் சிக்கல்.

— எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் தபால்ல படிக்காதவன்.

— ஆரம்பத்துல தினமும் காலையிலதான் உங்களுக்குப் பேசினேன். எப்படி இருக்கீங்கன்னு கேக்குறதுக்குள்ள அழுதுடுவேன். அழிச்சுட்டு மறுபடி பேசுவேன். மறுபடியும் அழுவேன். வகுப்புல எல்லாரும் வந்து காத்திருப்பாங்க, நான் முகம் கழுவிக்கிட்டிருப்பேன். அதை உங்களுக்கு எப்படி அனுப்பறது? அவ்வளவு உயரத்துல உக்காந்து அதைக் கேட்டுட்டு நீங்க எப்படி வேலை பாப்பீங்க?

— அதுக்கு?

— ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்படி ஆகாது. பாடம் நடத்தி நடத்திக் குரல் கெட்டிப்பட்டுப் போயிருக்கும். கேமரா முன்னால சிரிச்ச சிரிப்பு முகத்துலேயே ஒட்டிக்கிட்டிருக்கும். அது உதிர்றதுக்குள்ள உங்களுக்கும் பேசி வச்சுடுவேன்.

— அடிப்பாவி. ஊருக்குச் சிரிச்ச சிரிப்புல மிச்சம் மீதிதான் எனக்கா?

— அழுகையில பங்கு கொடுக்கறதை விட அது மேல்னு நினைச்சேன்.

— சாயங்காலம் போன்ல நேரடியா பேசறப்பவும் நல்லாத்தானே இருக்கே? அது பதிவு இல்லையே?

— பதிவு இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வகுப்பு இருக்கும். முடிச்ச கையோட உங்ககிட்ட பேசுவேன். அந்த வகுப்பைக் காலையிலயே வச்சிருக்கலாம், மாணவர்களுக்கும் அதுதான் வசதி. வேணும்னேதான் சாயங்காலத்துக்கு மாத்தினேன்.

— எனக்காகவா?

— நீங்க கேக்குறது வாத்தியார் குரலா இருக்கட்டும்னு. இன்னைக்கு நீங்க நேரம் தப்பிக் கூப்பிட்டுட்டீங்க.

— அதான் ஆரம்பத்துல இருந்தே குரல் கரகரன்னு இருக்கா? நான் மழையினால சளி பிடிச்சுடுச்சோன்னு பார்த்தேன்.

— சளி இல்ல.

— சரிம்மா. இப்ப வகுப்பு எதுவும் முடிக்கல. முகத்துல சிரிப்பு எதுவும் ஒட்டியிருக்காது. இப்ப சொல்லு, உனக்கு என்ன வேணும்?

— சொல்லத் தயாரா இல்லாத நேரத்துல கேக்குறீங்க.

— அதனாலதான் கேக்குறேன்.

— முதலாவதாக...

— முதலாவதாக வேண்டாம்மா.

— வந்துடுங்க.

— ம்.

— நீட்டிக்க வேண்டாம். வந்துடுங்க. வீட்டுல எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரம் அப்படியே கொட்டிக் கிடக்கு. அதை என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர் வச்சேன். பதில் எழுதற நேரம், திருத்தற நேரம், பதிவு பண்ற நேரம்னு. மத்த ஆசிரியைங்க எல்லாரும், எப்படி உங்களால மட்டும் இவ்வளவு முடியுதுன்னு கேக்குறாங்க. போன மாசம் அதைப் பத்திப் பேசச் சொல்லிக் கூட்டமே போட்டாங்க. நான் பெருமையா பேசினேன். கட்டில்ல நீங்க படுக்கிற பக்கத்துல மடிச்ச துணியை அடுக்கி வச்சுட்டுத்தான் படுக்கிறேங்கிறதை அங்க சொல்லல.

— என்கிட்டயும் சொல்லல.

— சொன்னா போட்டது போட்டபடி கிளம்பி வந்துடுவீங்க. உங்க ஆசையை நான் கெடுத்த மாதிரி ஆயிடும்னு வாயைக் கட்டிக்கிட்டிருந்தேன். இப்ப கட்டு அவுந்துடுச்சு. வேலை இங்கயும் கிடைக்கும். உயரம் கொஞ்சம் குறைஞ்சா குறையட்டும். கீழே இறங்கிப் போய், ஊருக்குப் போறேன்னு உங்க மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு இல்ல? கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேம்மா.

— அப்ப சரின்னு சொல்லுங்களேன். நான் சொன்னது பிடிக்கலையா?

— பிடிச்சிருக்கு. மறுபடி ஒரு தடவை சொல்லேன்.

— வந்துடுங்க. போதுமா? இப்பவே இறங்குங்க.

— நேத்துக் காலையில வந்த பேச்சுல நீ நடுநடுவே பாட்டு முணுமுணுத்தே. நான் இல்லாமலே இவ நல்லாப் பழகிட்டா, இப்பப் போய் நின்னா இவ வேலைக்கு இடைஞ்சலா இருப்போம்னு நினைச்சு, நேத்தே இறங்கிப் போய் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேம்மா.