மாத்தாள்

ஓட்டு வீடு ஒழுகினால் எல்லோரும் ஓட்டைத்தான் திட்டுவார்கள், ஐயா. பத்துக்கு எட்டு வீட்டில் குற்றம் ஓட்டில் இருக்காது. அதற்குக் கீழே குறுக்கே அடித்திருக்கும் ரீப்பர் சட்டம் வளைந்திருக்கும். உட்காரும் இடம் கோணினால் ஓடும் கோணத்தான் செய்யும். இருபத்திரண்டு வருஷமாகப் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் ஓடு போடும் கான்ட்ராக்டர் நான். ஓட்டுக்கார வெள்ளைச்சாமி என்றால் கண்டக்டரே என் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்தி இறக்கிவிடுவார். நீங்கள் ஜீப் அனுப்பியிருக்க வேண்டியதில்லை. சொல்லி அனுப்பியிருந்தால் நானே வந்திருப்பேன்.

அந்த ரீப்பரை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள். நாலு ஆணித் துளை. பாரம் தாங்காமல் முறிந்திருந்தால் துளையைச் சுற்றி மரம் பிளந்திருக்கும். இதில் பிளவு இல்லை. கவனித்துவிட்டீர்கள். நல்ல கண் உங்களுக்கு. அந்த இடத்துக்கு வருகிறேன். முதலிலிருந்து சொன்னால்தான் உங்கள் ரைட்டருக்கு எழுத லேசாக இருக்கும்.

எழுபத்தொன்பதில் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலை, தொழிலாளர் குடியிருப்புக்கு ஓடு போட ஆள் தேடியது. நூற்று நாற்பது வீடு. என் ஆயுசில் அப்படி ஒரு வேலை வந்ததில்லை, இனியும் வராது. ஒரே ஒரு நிபந்தனை. வேலையாட்களுக்கு விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்த கான்ட்ராக்டராக இருக்க வேண்டும். அதில் ஒரு சின்ன வில்லங்கம் வந்தாலும் ஆலை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அதுவரை எங்கள் தொழிலில் இன்ஷூரன்ஸ் என்றால் வேலை தொடங்குமுன் உடைக்கிற தேங்காய்தான்.

பெரம்பலூர் ஏஜென்ட் கொளஞ்சியைப் போய்ப் பார்த்தேன். ஆட்களின் பெயர்ப் பட்டியல் கேட்டார்.

"ஆளுங்க நாளுக்கு ஒருத்தனா மாறுவானுங்களே, கொளஞ்சி?"

"ஆளு மாறட்டும், பேரு மாறக்கூடாதுங்க. பட்டியல்ல இல்லாதவன் உங்க கூரையிலேருந்து உழுந்தா கம்பெனி திரும்பிக்கூடப் பாக்காது. அவன் உங்க தலைமேலதான் உழுந்தான்னு வச்சுக்குங்க."

ஏழு பேர் எழுதிக் கொடுத்தேன். முதல் பெயர் அரியமுத்து. என்னிடம் இருந்ததிலேயே மூத்த கைக்காரன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல், கருமாதி, கல்யாணம் என்று ஒருவனால் வர முடியவில்லை என்றால் வேலையை விட்டுவிட மாட்டான். தனக்குப் பதிலாகத் தம்பியையோ மச்சானையோ அனுப்புவான். அவனுக்கு மாத்தாள் என்று பெயர். மாத்தாளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. யாருக்காக வந்தானோ அவன் பெயரில்தான் ஆஜர் போடுவோம், அவன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பொழுது சாயும்வரை அந்தப் பெயரில் உழைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் பெயரை மாட்டிக்கொள்வான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில், தா.பழூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்தோம். அரியமுத்துவுக்குக் காய்ச்சல். மாத்தாளாக அவன் மச்சினன் செல்லக்கண்ணு வந்தான். அரியமுத்து பெண்டாட்டி பொன்னாயியின் உடன்பிறந்த தம்பி. கல்யாணமாகாதவன். பழைய ரீப்பர்கள் உளுத்திருந்தன. மாற்ற வேண்டாம், அடுத்த மழைக்குத் தாங்கும் என்று சொன்னது நான்தான். பத்து நாளில் ஆலைக் குடியிருப்பைத் தொடங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து நாளைக் கடத்த முடியுமா?

பதினொரு மணிக்குச் சட்டம் முறிந்து விழுந்தான்.

அந்த வழியாக வந்த சுண்ணாம்புக்கல் லாரியில் ஏற்றி, வழியில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெயர் கேட்டார்கள். அரியமுத்து என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, ஐயா. காலையிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சொன்ன பிறகுதான், அது பட்டியலில் இருக்கிற பெயர் என்பது உறைத்தது. மனசு லேசானது.

அவனுக்குத் தாடை உடைந்து பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. நர்ஸ் குனிந்து "அரியமுத்து, அரியமுத்து" என்று கூப்பிட்டாள். அவன் அசையவில்லை. நினைவு இல்லை என்று எழுதிக்கொண்டாள். அவள் போனதும் நான் காதருகில் போய் "செல்லக்கண்ணு" என்றேன். கண் என் பக்கம் திரும்பியது. என்னையே பார்த்தான்.

அதை நான் நர்ஸிடம் சொல்லவில்லை. நினைவு இருப்பவர்களை அவர்கள் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது வழக்கமாம். அங்கே கேள்வி அதிகம். இவனுக்கு எப்படியும் பிழைக்கிற உடம்பு இல்லை என்று எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை. ஆனால் தோன்றியது.

மறுநாள் காலையில் இறந்தான்.

அரியமுத்து வீட்டுக்கு நானே போனேன். ஆள் அனுப்பவில்லை. சாவு வீட்டில் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு, காகிதத்தில் இறந்திருப்பது யார் என்பதையும் சொன்னேன். பட்டியலில் இல்லாத செல்லக்கண்ணு செத்தான் என்றால் அவன் அம்மா இருசம்மாளுக்கு ஒன்றும் கிடையாது. பட்டியலில் இருக்கிற அரியமுத்து செத்தான் என்றால் பொன்னாயி கைக்கு நஷ்ட ஈடு வரும். கிழவியும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். எப்படியும் ஒரே சட்டிச் சோறு. கம்பெனி ஆள் விசாரிக்க வரும்போது பொன்னாயி கழுத்தில் தாலி இருக்கக்கூடாது, அரியமுத்து நாலு மாதம் நெய்வேலிப் பக்கம் போயிருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது.

"உசுரோட உக்காந்திருக்குற மனுசனுக்கு நான் எப்படிங்க தாலிய எறக்குவேன்?" என்றாள் பொன்னாயி.

"காகிதத்துக்குத்தானே, பொன்னாயி."

"களுத்து காகிதமாங்க?"

அரியமுத்து காய்ச்சலோடு சுவரில் சாய்ந்திருந்தான். கடைசியில் அவன்தான் சொன்னான். "அத்த சோத்துக்கு என்ன பண்ணும்? இருந்த ஒரு புள்ளயும் போயிட்டான். எறக்கிடு புள்ள."

பாருங்கள், அவன் வாயால் சொன்னது. நான் வற்புறுத்தவில்லை.

கம்பெனி ஆள் வந்தார். ஊரே ஒரே பேச்சாகப் பேசியது. நம் ஊர்க்காரர்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். இருசம்மாள் மட்டும் "எம் மவனே" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் லேசாக இருமினேன். உடனே "மருமவனே" என்று மாற்றிக்கொண்டு அழுதாள். கெட்டிக்காரி.

பணம் வந்தது. ஒரு காசு நான் தொடவில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது வேறு. ஆலை மானேஜர் எல்லோர் முன்னாலும் கை கொடுத்து, "கான்ட்ராக்டர்னா இப்படி இருக்கணும்யா" என்றார். நூற்று நாற்பது வீடும் என் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கும்போது கொளஞ்சி பட்டியலை நீட்டினார். அரியமுத்து பெயரை அடித்துவிட்டுச் செல்லக்கண்ணு என்று எழுதினேன். அந்தப் பெயர் சும்மாதானே கிடந்தது. நெய்வேலியிலிருந்து திரும்பிய அரியமுத்து, தன் மச்சினன் பெயரில் என்னிடம் வேலைக்கு வந்தான். மாத்தாளுக்கு மாத்தாள். ஆட்களுக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏ, செத்தவருக்கு டீ ஸ்ட்ராங்கா, லைட்டாடா?"

"மேல ஒரு தடவ போயிட்டு வந்தவன்டா நான். எனக்கே ஏணி புடிக்கிறியா?" என்பான் அரியமுத்து. அவன்தான் முதலில் சிரிப்பான். நல்ல மனுஷன், ஐயா. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்படியே போயிருக்கலாம். எண்பத்தொன்று பங்குனியில் பொன்னாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது.

மூன்றாம் நாள் அரியமுத்து என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பிரசவ ஆஸ்பத்திரில அப்பன் பேரு கேட்டாங்க மொதலாளி. செத்து ஒன்றர வருசம் ஆனவன் பேர எப்புடிம்மா எளுதறதுன்னு அந்தம்மா சிரிக்குது. சுத்தி நின்னதெல்லாம் சிரிக்குது. இவ தலயத் திருப்பிக்கிட்டுப் படுத்திருக்கா."

"இப்ப வூட்ல இருக்குற உம் பேரு என்ன, அதச் சொல்றது."

"அது அவ தம்பி பேருங்க." குரலை உயர்த்தவில்லை. ஆனால் என்னை முதல்முறையாக முறைத்துப் பார்த்தான். "கூடப் பொறந்தவன் பேர எம் புள்ளைக்கு அப்பனா எளுதச் சொல்றீங்களா?"

நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

"அதுக்கு என்ன பண்ணலாங்கிற?"

"எம் பேரு எனக்கு வேணுங்க. திங்கக்கெழம திருச்சி லேபர் ஆபீசுக்குப் போறேன். நான் சாவலன்னு எளுதிக் குடுத்துட்டு, வாங்குன பணத்தக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடறேன். ஜெயில்ல போட்டாலும் போடட்டும். எம் புள்ள அப்பன் பேரோட வளரட்டும். உங்க பேர மட்டும் சொல்லவே மாட்டேன் மொதலாளி. புள்ள மேல சத்தியம்."

சொல்லியிருக்க மாட்டான். எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பட்டியலிலும் கீழே இருந்தது என் கையெழுத்து. குடியிருப்பில் இன்னும் அறுபது வீடு பாக்கி. என்னை நம்பி ஏழு குடும்பம். ஒருவன் தன் பெயருக்காக ஏழு குடும்பத்து அடுப்பை அணைக்கப் பார்க்கிறான். நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

"சரி, போயிட்டு வா," என்றேன். "சனிக்கெழம குரும்பலூர் மில்லுக்கு மோட்டு ஓடு. அத மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

மோட்டு ஓடு என்பது கூரையின் உச்சியில் கடைசியாகக் கவிழ்ப்பது. அதற்கு எங்களில் ஒரு முறை இருக்கிறது. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கு முனையில், வெற்றிலை வைத்துக் கற்பூரம் காட்டுவோம். மற்ற ஆட்கள் எல்லாம் கீழே இறங்கிவிட வேண்டும். மூத்த கைக்காரன் மட்டும் ஏறி, கன்னி மூலையில் வலது காலை ஊன்றி முதல் ஓட்டைக் கவிழ்ப்பான். அவன் கால் படுவதற்கு முன்னால் வேறு யாரும் அங்கே கால் வைக்க மாட்டார்கள். அதனால் வேறு ஒருவனுக்கும் ஆபத்து இல்லை. அதை நான் நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆட்கள் கஞ்சி குடிக்க வேப்ப மரத்தடிக்குப் போனார்கள். நான் மேலே ஏறினேன். கன்னி மூலையில் ஓட்டை விலக்கி, ரீப்பரின் நாலு ஆணியையும் பிடுங்கினேன். ஓட்டைப் பழையபடி அடுக்கினேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வயசாகிவிட்டது, மூச்சு வாங்கியது.

கற்பூரம் காட்டி முடிந்ததும் அரியமுத்து ஏணியில் கால் வைத்தான். ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஏணி ஆடினால் எனக்குப் பிடிக்காது. பாதி ஏறியவன் நின்று, கீழே குனிந்து கேட்டான்.

"மொதலாளி, திருச்சிக்கு மொத பஸ் எத்தன மணிக்குங்க?"

"அஞ்சேகாலுக்கு."

சரியான நேரத்தைத்தான் சொன்னேன். பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

இருபத்தாறு அடி உயரம். கீழே நெல் காயப்போடும் சிமெண்டுத் தளம். இந்த முறை நர்ஸ் கூப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். செல்லக்கண்ணு என்றேன். இந்த முறை யோசித்துத்தான் சொன்னேன். இரண்டு பேர், இரண்டு சாவு, இரண்டு சர்டிபிகேட். மிச்சமும் இல்லை, குறையும் இல்லை.

பிரேதக் கிடங்கு வாசலில் இருசம்மாள் "எம் மவனே" என்று விழுந்து அழுதாள். நான் இருமவில்லை. ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த அழுகை. அவளைப் பொறுத்தவரை நான் நல்லதுதான் செய்தேன் என்று அப்போது நினைத்தேன். பொன்னாயி பக்கத்தில் போய், "தம்பின்னு சொல்லி அழு" என்று மெதுவாகச் சொன்னேன். நாலு பேர் பார்க்கிறார்களே.

அவள் அழவில்லை. கழற்ற அவளிடம் தாலியும் இல்லை. பத்து நாள்கூட ஆகாத குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். உள்ளே கிடப்பது தம்பி இல்லை, புருஷன் என்று அவள் சொன்னபோது உங்கள் ஏட்டு, பிள்ளை பெற்ற உடம்பு, புத்தி கலங்கியிருக்கிறது என்றாராம். நீங்கள் மட்டும் மில்லுக்குப் போய் மேலே ஏறிப் பார்த்திருக்கிறீர்கள்.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள். ஆணியைப் பிடுங்கியது நான்தான், விழுவான் என்று தெரிந்துதான் பிடுங்கினேன். கையெழுத்துப் போடுகிறேன். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் ரைட்டர் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எந்தப் பெயரானாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஐயா. இந்த வட்டாரத்தில் எத்தனையோ கான்ட்ராக்டர்களிடம் எத்தனையோ பேர் கூரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறார்கள், அவர்கள் குடும்பம் நடுத்தெருவில் நின்றிருக்கிறது. பாலிசி எடுத்த நாளிலிருந்து என் கூரையில் இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஒருவன்கூடச் சாகவில்லை.