புளிப்பு அரித்த பளிங்கு

பளிங்குத் தரையைத் துடைக்க வெதுவெதுப்பான தண்ணீரே போதும், தனேஷ் தம்பி. நீங்கள் கல் மெருகேற்றுகிறவர், உங்களுக்குத் தெரியாததில்லை. மிஞ்சிப் போனால் காரமில்லாத சோப்பு நாலு சொட்டு. துடைத்ததும் உலர்ந்த துணியால் ஒற்றிவிட வேண்டும். இதெல்லாம் என் மனைவி பிரமிளா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஈப்போவில் வெட்டிய கல். ஜெலாப்பாங்கில் இந்த வரிசையில் வேறு எந்த வீட்டிலும் இல்லை. போட்ட நாள் முதல் நாற்காலியை இழுக்கக்கூடாது, தேத்தண்ணியோடு கூடத்துக்கு வரக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோப்பெங்கிலிருந்து கேரம் விளையாட வரும் என் கூட்டாளி சீனியைக் கார் நிற்கும் இடத்தில் நாளிதழ் விரித்து உட்கார வைத்தாள். மூன்றாவது வாரம் அவன் எழுந்துவிட்டான்.

"ஐயாவு மச்சான், உன் வூடு கோயில் மாதிரி ஆயிருச்சுலா. கும்புட்டுட்டு போலாம், உக்கார முடியாது."

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. எனக்குக் கோபமில்லை. நான் கோபப்படுகிற ஆளில்லை.

முதல் சொட்டு தற்செயல். மீ கோரேங் நூடுல்ஸில் லிமாவ் எலுமிச்சை பிழிந்தபோது தெறித்துவிட்டது. துடைத்துப் பார்த்தால் இருபது காசு அளவுக்கு மங்கலான வட்டம். தேய்த்தாலும் போகவில்லை. அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மற்றவை தற்செயல் அல்ல. ஒரு தடவைக்கு ஒரு சொட்டு, பத்து நிமிடம், பிறகு டிஷ்யூவால் ஒற்றிவிடுவேன். அவசரப்படவில்லை. திங்களும் வியாழனும் மட்டும்தான். அன்றுதான் காளியம்மா தரை துடைக்க வருவார். வேறு நாளில் போட்டால் பிரமிளா குழம்பிப் போவாள் இல்லையா?

காளியம்மா எங்கள் வீட்டில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய கை, துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டு மிஞ்சாது. பிரமிளா அவரைக் கூடத்தின் நடுவில் நிறுத்திக் கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. சமையலுக்கு வச்சிருக்கிற புளிப்புச் சுக்காவ ஊத்தித் துடைச்சீங்களா?"

"சாமி சத்தியமா இல்லக்கா. நீங்க குடுத்த சோப்புதான். ஐயாவக் கேளுங்க, அவரு இங்கதான உக்காந்திருந்தாரு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். "நான் கவனிக்கலயே," என்றேன். பேப்பர் படிக்கிறவன் தரையையா பார்த்துக்கொண்டிருப்பான்?

இனி வரவேண்டாம் என்று பிரமிளா சொன்ன பிறகும் அவர் துடைப்பானை அலசி, கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் கிளம்பினார். அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டது நான்தான். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை.

பிறகு பிரமிளாவே முட்டி போட்டுத் துடைத்தாள். முட்டி வீங்கியது. காளியம்மா இருந்தபோதே விழுந்த வட்டங்களை எண்ணி முப்பதைத் தாண்டிய அன்று, தரை நடுவில் உட்கார்ந்து அழுதாள். "நாசமாப் போன தரை. யாரு வேணாலும் வரட்டும், எங்க வேணாலும் உக்காரட்டும்," என்றாள். ஞாயிற்றுக்கிழமை சீனி கூடத்திலேயே கேரம் பலகையை வைத்தான். பிரமிளா மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து, எங்களோடு உட்கார்ந்து சிரித்தாள். நான் கெடுத்தது கல்லை. வீட்டை மீட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது மனம் மாறி உங்களைக் கூப்பிட்டிருக்கிறாள். நீங்களும் விளக்கடித்துப் பார்த்து, "அங்கிள், இது கறை இல்ல, புளிப்பு அரிச்சிருக்கு. யாரு என்னா ஊத்துனது?" என்று கேட்டுவிட்டீர்கள். நான் பொய் சொல்கிற ஆளில்லை. நான்தான் ஊற்றினேன், ஒவ்வொன்றையும்.

ஆனால் பிரமிளா பக்கத்து வீட்டிலிருந்து வந்ததும் காளியம்மா கைவேலை என்றே சொல்லிவிடுங்கள். புருஷன் மேல் நம்பிக்கை போனால் அவள் தாங்கமாட்டாள். காளியம்மாவைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. நாலு மாதமாகச் சந்தையில் வாராவாரம் எதிரே பார்க்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசியதில்லை. ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.