கெர்பால்டின் வம்சம்

மோர்வாஸ் மாளிகையில் உருளைக்கிழங்கு சூப் நன்றாக இருக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீதிபதி மேடம். என்னைப் பட்டினி போட்டார்கள், அதனால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்பா லொரேன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அம்மா பள்ளிக்கூடத்தில் தரை துடைப்பவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். மூன்று வருடமாக மோர்வாஸ் பிரபுவின் மாளிகையிலேயே தங்கி அவருடைய முன்னோரைத் தேடினேன். அதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. குடும்பப் பெட்டியில் இருந்த, தோலில் எழுதிய பழைய ஆவணங்கள் வேறெங்கும் கிடையாது. படம் எடுக்க அவர் விட்டதில்லை. உதவித்தொகை தீர்ந்துபோயிருந்தது. பனி விழுந்தால் மலைப்பாதையும் மூடிக்கொள்ளும். போக எனக்கு வேறு இடமில்லை.

சமையல்காரி ஓதில் அக்கா கேலி செய்வாள். "மூணு வருஷமா செத்தவனுங்க பின்னாடியே சுத்துற. உசுரோட ஒருத்தன் கண்ணுல படலையாடி உனக்கு?"

பிரபு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ பொண்ணு"தான். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் பிரான்சை ஆண்ட பிராங்கிய இனத்தில், கெர்பால்ட் என்ற பிரபுவின் வழி வந்தவர்கள் என்பது அந்தக் குடும்பத்தின் பெருமை. ஆதாரம் பெயர்தான். அந்தக் காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். மோர்வாஸ் வம்சத்திலும் கெர்பால்ட் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் காலத்தில் அங்கே இருந்த கிறிஸ்தவ மடத்தின் பண்ணையடிமைகளும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். பெட்டியின் அடியில் கிடந்த ஆவணத்தில் இன்னொரு கெர்பால்ட் இருந்தான். மடத்துக்கு எரு சுமந்த அடிமை. மடாதிபதி அவனை விடுவித்து மோர்வாஸ் மேட்டு நிலத்தைக் கொடுக்கிறார். வம்சம் அவனிடம்தான் தொடங்குகிறது.

சந்தோஷமாக ஓடிப்போய்ச் சொன்னேன். "நீங்களும் எங்கள மாதிரி உழைச்சவங்க வம்சம்தான் ஐயா."

அவர் படித்துப் பார்த்தார். "தரை தொடைக்கிறவ மகளுக்கு எங்க பாத்தாலும் அழுக்குதான் தெரியும்," என்றார். சக்கர நாற்காலியை உருட்டிப்போய் ஆவணத்தை அடுப்பில் போட்டார். தோல் கருகும் நாற்றம் வந்தது. "இப்ப எழுது பொண்ணு. பிரபு கெர்பால்ட்னு எழுது."

எனக்குக் கோபம் வரவில்லை. எழுதுகிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓதில் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். தோட்டத்துச் சிற்றாலயத்துக்குக் கீழே குடும்பக் கல்லறை அறை இருக்கிறது. அங்கே ஒரு கல்லில் பிரபு கெர்பால்டின் பெயர் தெரிகிறது என்றேன். ஆசையாகக் கிளம்பினார். சவப்பெட்டி இறக்கும் சரிவில் நாற்காலியை மெதுவாக இறக்கினேன். கம்பளி போர்த்தி, விளக்கைக் கையில் கொடுத்தேன்.

"எங்க?"

"அந்த மூலையில பாருங்க ஐயா."

வெளியே வந்து இரும்புக் கதவைத் தாழிட்டேன். அவருடைய ஆட்களோடுதான் விட்டுவந்தேன், மேடம். அந்நியர் யாரும் உள்ளே இல்லை.

முதலில் அதட்டினார். பிறகு கூப்பிட ஆரம்பித்தார். கெர்பால்டை இல்லை. அங்கே படுத்திருந்த வேறு யாரையும் இல்லை. "லுதிவின்," என்றார். "லுதிவின், கதவத் தொறம்மா." என் பெயர் அவருக்கு இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

தாழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கதவோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில்தான் குரல் நின்றது. அதுவரை, அவர் கூப்பிட்ட ஒவ்வொரு முறையும், "சொல்லுங்க ஐயா" என்று மரியாதையாகப் பதில் கொடுத்தேன். கோபக்காரி அப்படிச் செய்வாளா, மேடம்?