இலவசக் காலம் முடிந்தது

தன் வெள்ளை மீசையாலேயே இந்த அவையை அடக்கி அமர்ந்திருக்கும் மிளகாய் விவசாயிகள் சங்கத் தலைவர், பெரியவர் வீரபத்திரன் அவர்களே! காரத்தை விளைவித்தும் கனிவு மாறாத கமுதிச் சீமைப் பெருமக்களே! வயலில் குனிந்து, வரப்பில் நிமிர்ந்து, வீடு வந்ததும் அடுப்படியில் மறுபடி குனியும் என் தாய்மார்களே! பந்தி எப்போது என்று பின்வரிசையில் இருந்து உரக்கக் கேட்கும் உண்மை விளம்பிகளே! உங்கள் எல்லோருக்கும் உத்தரகோசமங்கை முத்துகிருஷ்ணனின் பணிவான வணக்கம். பயந்த வணக்கமும்கூட!

ஏன் பயம்? பத்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தவன் நான். அது என்னை எட்டி உதைத்துவிட்டது. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, "காசுக்கு விக்கிற செல்போன் ஆப்பை முதல்ல சும்மா குடுக்கலாமா, கூடாதா, பேசுங்க" என்கிறார் தலைவர். ஆப்பு என்றால் மரம் பிளக்க அடிப்பது என்று நினைத்திருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? சிரியுங்கள், சிரியுங்கள். சிரித்து முடித்ததும் நான் வியந்த கதையைச் சொல்கிறேன்.

என் மகள் பூங்கோதை சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தாள். ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினாள். "அய்யா, நம்ம மொளகாக்காரங்களுக்கு ஒரு ஆப் பண்ணப் போறேன். பங்குனி வரைக்கும் பாப்பேன். ஊனி நின்னுச்சுன்னா இங்கனயே இருப்பேன். இல்லைன்னா பழைய வேலைக்கே போயிருவேன். மேனேஜர் என் நாற்காலிய அதுவரைக்கும் காலியா வச்சிருக்காரு" என்றாள்.

பெற்றவனுக்கு அந்தப் பேச்சில் எது காதில் விழும், சொல்லுங்கள்? 'இங்கனயே இருப்பேன்' என்ற ஒரு சொல்தான் விழுந்தது!

அந்தச் செயலிக்குப் பெயர் செடிப்பேச்சு. இலையைப் படம் எடுத்தால் போதும். செடிக்கு என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லும். முதலில் ஒரு பெண் குரலைப் பேசவைத்தாள். "தாவரத்தில் ஊட்டச்சத்துக் குறைபாடு காணப்படுகிறது" என்றது அது. என் மனைவி முருகலட்சுமி காதைப் பொத்திக்கொண்டு, "இவ யாருடி, மனுப் போட வந்தவங்கள வெரட்டுற மாதிரியே பேசுறா?" என்று கேட்டாள். மகள் என் பக்கம் திரும்பினாள். "அய்யா, நீங்க பேசுங்க. தெருமுனையில நின்னு பேசுவீங்கள்ல, அதே மாதிரி."

பேசினேன். வாரக்கணக்கில் பேசினேன். "ஏலே, இன்னைக்கு மருந்து அடிக்காத, மழை இறங்குது" என்றேன். "தாயி, இது பூச்சி இல்ல, பயப்படாத" என்றேன். வீட்டில் ஒருவரும் கேட்காத என் பேச்சை ஒரு கருவி வாங்கி வைத்துக்கொண்டது!

பிறகு ஒருநாள் மகள் சொன்னாள்: "அய்யா, செடிப்பேச்சு ட்ரையல்ல போகுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோர்ட்டில் என் வரப்புத் தகராறு ட்ரையலில் நிற்கிறது. நின்றது நின்றதுதான், இன்னும் நடக்கக் காணோம். "எவன்டி கேஸ் போட்டது? வக்கீலப் பாக்கணுமா?" என்று துண்டை உதறி எழுந்தேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். முதலில் ஒரு மாதம் சும்மா கொடுப்பது, பயன்படுத்திப் பார்த்துப் பிடித்திருந்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்வது, அதுதான் ட்ரையலாம். "நல்ல நாள் நான் பாக்குறேன்" என்றேன். பார்த்தேன். ஆனி மாதம், வளர்பிறை முகூர்த்தம். எனக்கு மாலை போட்டுப் படம் எடுத்து, அதையும் செயலியில் சேர்த்து, தேங்காய் உடைத்து வெளியிட்டோம்.

விவசாயப் பெருமக்களே, ஆனி மாதத்தில் உங்கள் வயலில் என்ன நிற்கும்? என்ன நிற்கும்? அதோ அந்த அக்கா சரியாகச் சொன்னார்: வெயில் நிற்கும்! ஒரு மிளகாய்ச் செடி நிற்குமா? பிறந்ததிலிருந்து மிளகாய் போடுகிறவன் பார்த்துக் கொடுத்த முகூர்த்தம் அது! படம் எடுக்க இலை இல்லாத சனங்கள் ஆட்டை எடுத்தார்கள், மாட்டை எடுத்தார்கள். எங்கள் தெரு காளிதாஸ் என் மீசையை எடுத்தான். "சருகு நோய் முத்திப்போச்சு, வேரோட புடுங்கிரு" என்றது செயலி. அதுவும் என் குரலிலேயே! மாதம் முடிந்தது. எல்லோரும் அழித்துவிட்டுப் போனார்கள்.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புரட்டாசியில் விதைப்பு தொடங்கியதும் மறுபடி வந்து நின்றாள். "அய்யா, இந்தத் தடவ மாசக் கணக்கு இல்ல. வெத போட்டதுல இருந்து மொதப் பழம் எடுக்குற வரைக்கும் சும்மா."

"போகம் பூராவா? பூராத்தையும் சும்மா குடுத்துட்டா அப்புறம் எவன் வாங்குவான்? நான் சொல்றதக் கேளு. கார்த்திகை மழை பெய்யும், செடி வாடும். அன்னைக்குப் பாத்துப் பட்டுன்னு மூடு. பயத்துலயே வாங்கிருவான்!"

எப்படி என் வியாபார மூளை? கை தட்டாதீர்கள், வெட்கமாக இருக்கிறது.

மகள் அமைதியாகக் கேட்டாள். "அய்யா, கமுதிச் சந்தையில நீங்க எப்புடி விப்பீங்க?"

"மூட்டையக் கொட்டிக் காட்டுவேன். மேல நாலு நல்ல பழத்த வச்சு ஏமாத்துற சோலி நம்மகிட்டக் கெடையாது. அடிமூட்டை வரைக்கும் பாத்துக்கன்னு தரையில கொட்டுவேன்."

"அதத்தான் நானும் செய்யிறேன். கொட்டிக் காட்டுறேன்."

சந்தைப் பாடம் நடத்துகிறாள் எனக்கு. எனக்கு! சந்தையில் எல்லோரும் செய்கிற வேலைதான். அது இவ்வளவு பெரிய நியாயம் என்று அன்றுதான் தெரிந்தது.

கொட்டிக் காட்டினாள். ஊர் ஊராகப் பரவியது. அக்காள்மடத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சுற்றிலும் கடல், காலடியில் மணல். பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்கிறது! "தண்ணிய அளவா ஊத்து தாயி, குளிப்பாட்டாத!" எட்டிப் பார்த்தால், மர்ஜானா என்று ஒரு பெண், ஓட்டை வாளியில் வளர்க்கும் மிளகாய்ச் செடியின் முன்னால் போனை நீட்டிக்கொண்டு பயபக்தியோடு தலையாட்டுகிறாள். உடம்பு இங்கே நிற்கிறது, வாய் அங்கே பேசுகிறது!

கார்த்திகை வந்தது, மழை கொட்டியது. கமுதிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ராக்கு என்கிற தாயின் செடியெல்லாம் மஞ்சள் பூத்துத் தலை தொங்கிவிட்டது. எல்லோரும் மருந்தடி, மருந்தடி என்கிறார்கள். ராக்கு போனை நீட்டினார். "தாயி, மருந்து வேணாம். தண்ணி கட்டி வேரு மூச்சு முட்டுது. ஓரத்துல வாய்க்கா வெட்டி வடிச்சு விடு" என்றது என் குரல். மழையில் நனைந்து தன்னந்தனியாக வாய்க்கால் வெட்டினார். செடி தலை நிமிர்ந்தது. இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

மாசி பிறந்தது. முதல் பழம் எடுத்தார்கள். சொன்னபடி செயலி ஒவ்வொரு போனிலும் மூடிக்கொண்டது. மகள் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாங்குவார்களா? காலை போனது, மாலை போனது, வாரம் போனது. ஒருவரும் வாங்கவில்லை. ஒரே ஒருவர்கூட! மகள் பரணில் இருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். சென்னைக்குத் திரும்பப் போகிற பெட்டி அது, பெருமக்களே.

மறுநாள் காலை. வாயில் பிரஷ்ஷும் நுரையுமாகக் கொல்லைப்புறம் நிற்கிறேன். வாசலில் ஒரு வண்டி நிற்கும் சத்தம். அடுத்த கணம் ஒப்பாரி!

"மூஞ்சி பாக்காத எங்கண்ணே! மொளகாச் செடிக்கு மூச்சுக் குடுத்த வாயே! முழுசா ஒரு போகம் கூட இருந்துட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே!"

முருகலட்சுமி வாசலுக்குப் பதறி ஓடினாள், பின்னாலேயே நானும். "யாரும்மா நீங்கள்லாம்? எந்த வீட்டுக்கு வந்தீங்க?"

"முத்துகிருஷ்ணண்ணே வீடு இதான ஆத்தா?"

"இதான். அந்தா நிக்கிறாரு, பல்லு வெளக்கிக்கிட்டு."

கூட்டமே திரும்பி என்னைப் பார்த்தது. முன்னால் நின்ற ராக்கு போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். "அப்ப... மாலை எங்கண்ணே?" என்றார்.

போனை வாங்கிப் பார்த்தேன். செயலி மூடியதும் கடைசிப் பக்கத்தில் என் படம் வருகிறது. மாலையும் கழுத்துமாக நான்! கீழே எழுத்து: 'இலவசக் காலம் முடிந்தது. முத்துகிருஷ்ணன், உத்தரகோசமங்கை.' ராக்குவின் போன் கண்ணாடி மூலையில் விரிசல். அந்த விரிசலில் 'இலவசக்' மறைந்துவிட்டது. மிச்சம் என்ன? மாலை போட்ட படம், 'காலம் முடிந்தது', கீழே பேரும் ஊரும்! தலைவர் அவர்களே, நம் ஊரில் இதற்கு வேறு பொருள் உண்டா? பேசிக்கொண்டிருந்த குரலும் நின்றுபோனால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஒரு கிராமமே நான் செத்துவிட்டதாக நினைத்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறது!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவன் ராக்குவின் கண்களைப் பார்த்தேன். அந்தக் கண்ணீர் நிஜம், பெருமக்களே! என் சிரிப்பு அங்கேயே அணைந்துவிட்டது.

நான் அவருக்கு யார்? உற்றவனா? உறவா? ஒரு வேளை சோறு போட்டவனா? விலை கொடுத்து வாங்கிய பொருளுக்காக வருந்துவார்கள், புரிகிறது. வாங்காத பொருளுக்காக யார் அழுவார்கள்? சும்மா கிடைத்த ஒரு குரலுக்காக, வண்டி பிடித்து வந்து யார் மாரடிப்பார்கள்? அழுதார்களே! அழுதார்களே! ஒரு சல்லிக்காசுகூடக் கொடுக்காதவர்கள் உயிரையே கொடுத்தது போல நின்றார்களே!

மகள் எல்லாவற்றையும் விளக்கினாள். ராக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப, காசு கட்டுனா அண்ணே பேசுவாராம்மா?" என்று கேட்டார்.

"பேசுவாரும்மா" என்றாள் மகள்.

"கட்டலைன்னாலும் பேசுவாரு. நிறுத்தத்தான் வழி தெரியல" என்றாள் முருகலட்சுமி.

வந்தவர்கள் எல்லோரும் வாசலிலேயே வாங்கினார்கள். மற்ற ஊர்களில் ஏன் வாங்கவில்லை? அங்கேயும் இதே கதை! குரல் நின்று, மாலை போட்ட படம் வந்தபிறகு கீழே இருக்கும் எழுத்தை யார் படிக்கிறார்கள்? அண்ணனே போய்விட்டார், இனி யார் பேசப்போகிறார்கள் என்று மூடி வைத்திருக்கிறார்கள். மகள் அன்றைக்கே மாலை போட்ட படத்தைத் தூக்கினாள். இப்போது காலம் முடிந்தால் என் குரல் இப்படிச் சொல்லும்: "நான் சொகமா இருக்கேன் தாயி. சும்மா பேசுறதுதான் முடிஞ்சுச்சு. வேணும்னா கூப்புடு, வாரேன்." கூப்பிட்டார்கள். கமுதியில் கூப்பிட்டார்கள், கடலோரத்தில் கூப்பிட்டார்கள், நான் பார்க்காத ஊரிலெல்லாம் கூப்பிட்டார்கள்!

எனவே, சும்மா கொடுக்கலாமா என்று கேட்ட தலைவர் அவர்களே, கொடுக்கலாம். ஆனால் எப்படிக் கொடுக்க வேண்டும்? வாசம் மட்டும் காட்டி வாயை மூடுவதா? தவிக்கிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்துவதா? கூடாது! முழுசாகக் கொடுங்கள். அடிமூட்டை வரை கொட்டுங்கள். நின்றுபோனால் எதிரில் இருப்பவர் மனசு வலிக்கும் அளவுக்குக் கொடுங்கள். அதற்குப் பிறகு விலையைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை. கொடுக்க அவர்களும் யோசிப்பதில்லை!

பங்குனி பிறந்ததும் சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். மகள் முற்றத்தில் நின்று பேசினாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான், பெற்றவனுக்கு வேறு வழி?

"சார், அந்த நாற்காலிய வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. நான் வரல" என்றாள். அவர் ஏதோ கேட்டார். மகள் சிரித்தாள். "ஒண்ணுமில்ல சார். எங்கய்யா பொழச்சுக்கிட்டாரு."

இவ்வளவு நேரம் என் வாயை இலவசமாகத் தாங்கிக்கொண்ட அவைக்கும், அழைத்த சங்கத்துக்கும், தாய்மார்கள் வரிசையில் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் என் தங்கை ராக்குவுக்கும், நெஞ்சு நிறைந்த நன்றி! உங்கள் செடி செழிக்கட்டும், செவி குளிரட்டும், பந்தியில் முதல் இலை பின்வரிசைக்கே விழட்டும்! வணக்கம்!