முப்பத்தைந்தாவது கிலோமீட்டர்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. காவல் நிலையத்தில் பாலை இவ்வளவு தாராளமாக ஊற்றுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. மூன்று நாளாக நீங்கள் ஊக்க மாத்திரை தேடுகிறீர்கள். என் வீட்டுக் கூரையைப் பிரித்தீர்கள், பைக் சீட்டைக் கிழித்தீர்கள். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். யாட்டோருக்கு நான் எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை.

பெரிய மாரத்தான் வருகிறதென்றால் எங்கள் ஈட்டென் ஊர் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். டீக்கடை டிவிக்கு முன்னால் கசாப்புக்காரனும் பாதிரியாரும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். யார் ஜெயிப்பார், முதல் பாதியை எந்த வேகத்தில் ஓடவேண்டும், யார் எங்கே உதிர்வார் என்று வாரக்கணக்கில் வாய் ஓயாது. அந்தப் பேச்சில் என் வார்த்தைக்கு மதிப்பு இருந்தது. "சிகேய் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார்கள். நான் வெளிநாட்டுப் பந்தயங்களில் ஓடியவன். முன்னால் ஓடி, பெரிய ஓட்டக்காரர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுப்பது என் வேலை. முப்பதாவது கிலோமீட்டரில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ஒப்பந்தம் அப்படி. ஒவ்வொரு தடவையும் ஒதுங்கினேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர்ப் பையன் யாட்டோருக்கு ஐரோப்பாவில் முதல் பெரிய பந்தயம் கிடைத்ததும், அவன்தான் ஜெயிப்பான் என்று கடையே குதித்தது. அவன் தெருவில் ஓடிப் போவதைப் பார்த்திருக்கிறேன். "முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல விழுந்துடுவான்" என்றேன். கசாப்புக்காரன் கோரோஸ் டம்ளரைக் கீழே வைத்தான்.

"முப்பதுக்கு மேல ரோடு எந்தப் பக்கம் திரும்பும்னாவது உனக்குத் தெரியுமாப்பா? நீ பாதி வழியில எறங்குற ஆளு. கடைசி ஸ்டாப்பைப் பத்தி உனக்கென்ன பேச்சு?"

கடை முழுக்கச் சிரித்தது. டீ ஊற்றுகிற பெண்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து நான் கடைக்குள் நுழைந்தாலே யாராவது ஒருவன் "முப்பது வந்துட்டாருப்பா, வழி விடுங்க" என்பான்.

அந்த வாரமே யாட்டோர் என்னைத் தேடி வந்தான். அவனுக்குப் பயிற்சியாளர் கிடையாது.

"அண்ணே, நீங்க சொன்னா நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு. எங்க தப்புப் பண்றேன்னு பார்த்து நீங்களே திருத்துங்க" என்றான்.

என் கணிப்பை நானே கெடுக்கவேண்டும் என்று கேட்கிறான். யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் அநியாயமான கோரிக்கைதான். ஆனாலும் சரி என்றேன்.

வியாழக்கிழமை நெடுந்தூர ஓட்டத்தில் எங்கள் ஆட்கள் கடிகாரம் கட்டமாட்டார்கள். கடிகாரத்தைப் பார்த்தால் கால் பயந்துவிடும் என்பார்கள். கழற்றிப் பைக்கில் வருகிறவனிடம் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் அவன் நேரத்தைக் கத்திச் சொல்வான். அவன் சொல்வதை யாரும் சரிபார்ப்பதில்லை. கூடப் பிறந்தவனைச் சந்தேகிப்பது மாதிரி ஆகிவிடும்.

யாட்டோருக்குப் பைக்கில் போன நான் முதல் வாரம் உண்மையைத்தான் சொன்னேன். அவன் நான் நினைத்ததைவிட நன்றாக ஓடினான். பந்தயத்தில் பின்னால் வரும் கூட்டத்தோடு நிதானமாகப் போயிருந்தால் பத்திரமாக முடிவுக் கோட்டைத் தொட்டிருப்பான். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. அடுத்த வியாழன் முதல் ஒவ்வொரு கல்லிலும் சில நொடிகளைக் குறைத்துச் சொன்னேன். சில நொடிகள்தான். உலகத்தின் முதல் வரிசைக்காரர்களோடு ஓட முடியும் என்று அவன் நம்பத் தொடங்கினான். நான் கொடுத்ததெல்லாம் தன்னம்பிக்கைதான், ஐயா.

அவன் மனைவி ஜெரோப் மட்டும் ஒரு நாள் என் பைக்கை மறித்தாள்.

"அண்ணே, அவரு கிளம்பும்போது ரேடியோல செய்தி ஆரம்பிச்சுது. திரும்பி வரும்போது அடுத்த செய்தியும் முடிஞ்சு பாட்டு ஓடுது. நீங்க சொல்ற நேரத்துக்கு ஒத்துவரலையே?"

"ஊத்துப் பக்கம் நின்னு காலை நீவிக்கிட்டோம்மா" என்றேன். தலையாட்டினாள். ஆனால் அதற்குப் பிறகு நாங்கள் போகும்போதும் வரும்போதும் வாசலில் நின்று பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. உதவி செய்கிறவனை அப்படிப் பார்க்கலாமா?

கடைசி வியாழன் மேட்டில் யாட்டோர் நின்றுவிட்டான்.

"நெஞ்சைப் பிடிக்குதுண்ணே. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாமா?"

அவன் உதடு வெளுத்திருந்தது. அதைப் பார்த்தேன்.

"மேட்டுல யாருக்குடா நெஞ்சு பிடிக்கல? இன்னிக்குத்தான் நீ இதுவரைக்கும் ஓடாத ஓட்டம் ஓடியிருக்க. இன்னிக்குப் போய் ஆஸ்பத்திரிங்கிற. பந்தயத்துல பிடிச்சாலும் வேகத்தைக் குறைக்காத, தானா விட்டுடும்."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். பிறகு ஓடினான்.

பந்தயத்தன்று அந்த ஐரோப்பிய ஊரில் நல்ல வெயில், நாங்கள் எல்லோரும் கடை டிவி முன்னால் இருந்தோம். யாட்டோர் முதல் வரிசையில் போனான், நாங்கள் பேசி வைத்த மாதிரியே. முப்பது தாண்டியதும் கோரோஸ் என் முதுகில் ஓங்கித் தட்டினான். "பாத்தியா, உன் ஸ்டாப்பைத் தாண்டிட்டான்டா பையன். எல்லாருக்கும் டீ சொல்லு!" கொஞ்ச நேரத்தில் யாட்டோர் நெஞ்சில் கை வைத்தான். வேகத்தைக் குறைக்கவில்லை. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. கை வைத்தபடியே ஓடி, வைத்தபடியே முகம் குப்புற விழுந்தான். எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்தாவது பலகை அதே படத்தில் ஓரமாகத் தெரிந்தது.

ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கோரோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். அப்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று சொன்னால் பொய்.

நைரோபி விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். ஜெயித்து வருகிறவனுக்கு எங்கள் வழக்கப்படி கொடுக்க ஜெரோப் சுரைக்குடுக்கையில் புளித்த பால் வைத்திருந்தாள். சவப்பெட்டி வந்தது. அவள் குடுக்கையை என்னிடம் நீட்டினாள்.

"அவரு குடிக்கவேண்டியது. கூடவே வந்தவங்க நீங்கதானே, நீங்க குடிங்கண்ணே."

மறுப்பது மரியாதை இல்லை. வாங்கிக் குடித்தேன். பதமாகப் புளித்திருந்தது, அதையும் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள்.

"இங்க எல்லாருக்கும் கை நடுங்குது. உங்களுக்கு மட்டும் நடுங்கலையே" என்றாள். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

கொலை என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. நேரத்தைக் குறைத்துச் சொன்னது நான். மருத்துவரிடம் போகவிடாமல் செய்தது நான். நெஞ்சு பிடித்தாலும் ஓடச் சொன்னது நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ போடுகிறேன். ஆனால் அந்தக் கணிப்பில் நான் ஏமாற்றி ஜெயித்தேன் என்று கோரோஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். அதை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், ஐயா. முப்பத்தைந்தில் விழுவான் என்று நான் சொன்ன அன்றுவரை யாட்டோரோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. அவன் ஓடுவதைப் பார்த்து மட்டும்தான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன்.